தொடாமல் புகழ்ந்த கல்யாண உடுப்பு

இத்தாலியின் சார்டினியா தீவில் உள்ள அந்த மலையூரில், எதையாவது அழகு என்று சொன்னால் உடனே அதைத் தொட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கண்பட்டுவிடும். பிறர் வீட்டுக் குழந்தையோ ஆட்டுக்குட்டியோ, பொனாரியா மறக்காமல் தொடுவாள்.

ஒரே ஒரு முறை தொடவில்லை. அது தங்கை கிராசியெத்தாவின் கல்யாண உடுப்பு. பொனாரியாவுக்கு எட்டு வயதிலிருந்தே சர்க்கரை நோய். அன்றும் விரலைக் குத்திச் சோதித்த கையோடு வந்திருந்தாள். வெள்ளைத் துணியில் ரத்தம் படுமே என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ராணி மாதிரி இருக்கேடி" என்றாள்.

அதுவரை இருவரும் ஓருயிர். ரொட்டி சுடும் நாளில் அக்கா அடுப்பில் போடுவாள். பந்துபோல் உப்பியதும் தங்கை சூட்டோடு இரண்டாகப் பிரிப்பாள்.

"விரலு வேகுதுக்கா, மெதுவாப் போடேன்!"

"வேகட்டும், அதையும் சீஸ் வெச்சுத் தின்னுடலாம்!"

அந்தச் சிரிப்பு தெருமுனைவரை கேட்கும்.

மறு வருடம் கிராசியெத்தாவின் இடது கால் மரத்தது. பிறகு ஒரு கண் மங்கியது. கண்பட்டதா என்று பார்க்க, அவள் மாமியார் தண்ணீரில் கோதுமை மணிகளைப் போட்டாள். மணிகளில் குமிழி ஒட்டியது. "கண்ணுதான். நெருங்கினவங்க கண்ணு" என்றாள்.

அக்கா உடுப்பைத் தொடாதது நினைவுக்கு வர, கிராசியெத்தா அவள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினாள். அக்காவோடு ரொட்டி சுட வேறொருத்தி வந்தாள். அவள் பிரித்ததில் பாதி கிழிந்தது. தங்கையிடம் போய் விளக்கம் சொல்ல பொனாரியாவுக்கு வாய் வரவில்லை. அன்று அந்த உடுப்பைப் பார்த்ததும் ஒரு நொடி பொறாமைப்பட்டது உண்மைதான்.

சில வருடங்கள் கழித்து ஒரு காலை, கிராசியெத்தா கைத்தடியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே சர்க்கரையான்னு நரம்பு டாக்டர் கேட்டாரு. உன்னைச் சொன்னேன். உன் சர்க்கரைக்கும் என் நோவுக்கும் ஒரே வேராம். உடம்புக்குக் காவல் நிக்கிற படை, ஆள் தெரியாம வீட்டுக்காரங்களையே அடிக்குதாம். உனக்கு இன்சுலின் சுரக்கிற இடத்தை அடிச்சிருக்கு. எனக்கு நரம்போட உறையை. பரம்பரையா வர்ற உடல்வாகாம், நம்ம தீவுல நிறையப் பேருக்கு இருக்காம்."

"அப்ப என் கண்ணு இல்லையாடி?"

"ஆமா, பெரிய இவ! கண்ணாலயே காலை முறிச்சுடுவா!"

"பொறாமைப்பட்டேன்டி."

"நான் மட்டும்? ஊசி போட்டப்புறம் அம்மா உன்னையே மடியில வெச்சிருக்கும்போது நானும் பட்டேன். உள்ள விடு, கால் வலிக்குது."

இரண்டு நோயும் தீரவில்லை. கிராசியெத்தா இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறாள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.