கொம்மென் என்றால் வருதல்

என் மனைவி நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போய்விட்டாள். நானும் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் ஜெர்மன் பரீட்சை ஒன்றில் பாஸாக வேண்டும் என்றார்கள். ஒன்பதாவதோடு நின்றவன் நான்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடை மாடியில் வகுப்பு. கூடப் படித்ததெல்லாம் நர்சிங் முடித்த பிள்ளைகள். முதல் வாரமே கொம்மென். வருதல் என்று அர்த்தம். நான் வருகிறேன், இஷ் கொம்மெ. நீ வருகிறாய், டு கொம்ஸ்ட். அவன் வந்தாலும் அவள் வந்தாலும் கொம்ட்தான். நாம் வருகிறோம், விர் கொம்மென்.

"நம்மூருல கிளம்பும்போது வரேங்கறோமில்ல, அங்க அப்படிச் சொல்லிராதீங்க. கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு நிப்பாங்க," என்றார் டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்கள். ஏர்போர்ட்டில் அவளும் வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனி பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்து சீட்காரன் விடமாட்டான்.

"பொண்டாட்டி பின்னால போக இத்தன மந்திரமா, மச்சான்?"

"அவ கூப்பிடறா, போறேன்."

"அவ கூப்பிடறாளா, நீயா போறியா?"

அதற்கப்புறம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

பரீட்சை பெங்களூரில். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் எங்கள் ஆட்களுக்கு நாக்கு தானாகக் கன்னடத்துக்கு மாறிவிடும். கண்டக்டரிடம், டீக்கடையில், ஆஸ்பத்திரியில், யோசிக்கவே வேண்டாம். பரீட்சை அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டார். நன்றாகப் புரிந்தது. "ஹொசூரிந்த பர்த்தாயித்தினி, மேடம்," என்றேன். ஓசூரிலிருந்து வருகிறேன். பதில் சரிதான், கன்னடத்தில் வந்துவிட்டது. என்னோடு பரீட்சைக்கு உட்கார்ந்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா பொறுமையாக இன்னொரு தடவை கேட்டார். அதற்குள் எனக்குக் காது அடைத்துவிட்டது. மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் வியர்த்ததுதான் மிச்சம்.

ஃபெயில் என்று தெரிந்ததும் அவளுக்குப் போன் பண்ணினேன். திட்டுவாள் என்று பயந்தேன்.

"போவுது விடுங்க. சாப்டீங்களா?"

"மறுபடி எழுதட்டுமா?"

"இப்ப என்ன அவசரம். பாத்துக்கலாம்."

டூட்டி என்று வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம். பெர்மனெண்ட் எப்போது சார் என்று கேட்கும்போதெல்லாம் எங்கள் சூபர்வைசரும் இதே குரலில்தான் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

சாயங்காலம் போய் அடுத்த பேட்ச்சுக்குப் பேர் கொடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.