மூன்றாவது விளக்கு

அம்மா இருந்தாள், தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தவள், கழுத்தில் டேப் தொங்கியது. ராயப்பு மாமா இருந்தார், அம்மாவின் தம்பி, வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். சவரி அண்ணன் இருந்தான், பதினேழு வயது, காது கேட்காது. நான் இருந்தேன், ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். நாலு பேருக்கும் நடுவில் மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் மோடம். கொஞ்ச நேரம் ஓடினாலே அது சூடாகி, இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி போல ஒரு வாசனை விடும். எங்கள் வீட்டில் அதற்கு "டப்பா" என்று பெயர். டப்பாவின் முகத்தில் நாலு பச்சை விளக்குகள். மூன்றாவது விளக்கு எரிந்தால் நெட் இருக்கிறது, அணைந்தால் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்பா பிரான்சில் இருந்தார். பாரீசுக்கு வெளியே ஒரு ஊரில், பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் நெல்லித்தோப்பில் அது ஒரு சேதியே இல்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அங்கே ஒரு ஆள் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். மற்ற நாட்களில் அம்மாவுக்கும் எனக்கும் அவர் ஒரு குரல். சவரிக்கு அதுவும் இல்லை.

சவரிக்குக் கைக்குழந்தையிலேயே காய்ச்சல் வந்து காது போனது. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்தான், ஒட்டவில்லை. அவனோடு பேச வீட்டில் ஒரு கைப்பேச்சு தானாக உண்டானது. யாரும் சொல்லித் தரவில்லை. கரண்டியால் கிண்டுவது போலக் காட்டினால் அப்பா. சக்கரத்தைச் சுற்றினால் அம்மா. பின்னலைப் பிடித்து இழுத்தால் நான். வெளியில் யாருக்கும் புரியாது. எங்களுக்குப் போதுமாக இருந்தது. கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கியது அவனுக்காகத்தான், அப்பாவின் கையை அவன் பார்க்க, அவன் கையை அப்பா பார்க்க.

அந்த வருடம் அப்பா ஒரு சேதி சொன்னார். சவரிக்குக் காகிதம் போட்டுக் கூப்பிட்டுக்கொள்ளலாம், பதினெட்டு ஆவதற்குள் போட வேண்டும், கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. அங்கே காது கேட்காதவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், அரசாங்கத்து உதவி எல்லாம் உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். தனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்பது அவளுடைய ஓயாத கவலை. போனிலேயே சொல்லிவிட்டாள், சவரி வருகிறான், காகிதம் போடுங்கள் என்று. ஸ்பீக்கரில் இருந்ததால் அப்பா சொன்னது எனக்கும் கேட்டது.

"நீ சொல்லாத மேரி. அவன் சொல்லட்டும். அவன் கை என்னா சொல்லுதுன்னு நான் பாக்கணும்."

அப்பாவுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் நாங்களும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காத்திருப்போம். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அவர் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் வீட்டு போனுக்கு மூன்று தடவை மணி அடித்து நிறுத்திவிடுவார். எடுக்கக் கூடாது. அதற்கு "பாப்பா மணி" என்று பெயர், அப்பாவை நான் சின்னதில் அப்படித்தான் கூப்பிட்டேனாம். மணி அடித்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். சிலசமயம் அம்மா பின்னறையில் மெஷின் மிதித்துக்கொண்டிருப்பாள், அந்தச் சத்தத்தில் கூடத்து போன் அடிப்பது காதில் விழாது. ஒரு முறை அப்படித் தவறிப்போக, ராயப்பு மாமா ஒயர் இழுத்துப் பின்னறையில் இன்னொரு போன் மாட்டிக் கொடுத்தார். டெலிபோன் ஆபீசில் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தால் லைனையே பிடுங்கிவிடுவார்கள் என்று அம்மா பயந்தாள். மாமாவும் அப்படித்தான் சொன்னார்.

கெட்டது எப்படி என்றால், மற்ற நாளெல்லாம் நெட் ஒழுங்காக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுந்தது. பாப்பா மணி அடிக்கும், நாங்கள் ஓடி வந்து உட்காருவோம், திரும்பிப் பார்த்தால் மூன்றாவது விளக்கு அணைந்திருக்கும். டப்பா திரும்பப் பிடிப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பிடித்ததும் அப்பாவின் முகம் வரும், கை தூக்குவார், படம் அப்படியே நிற்கும், போய்விடும். சில நாள் முகமே வராது. எங்களைக் காணோமே என்று அவர் அங்கேயிருந்து மறுபடி மணி அடிப்பார். விளக்கு மறுபடி அணையும். ஒரு சாயங்காலத்துக்கு ஐந்தாறு தடவை இப்படி நடக்கும். சவரி கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பாதியில் நின்ற கை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே பிரான்சோடு பேசுகிறது, ஒயர் தாங்குமா என்றார் பக்கத்து வீட்டுச் சொல்தா. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அவர் சொன்னால் தெரு நம்பும். கம்ப்யூட்டரில் வைரஸ் என்று மாமா அதைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துக் கொண்டுவந்தார். அதில் கோவிலில் எடுத்த என் முதல் நன்மை போட்டோக்கள் போயின. நெட் அறுவது மட்டும் அப்படியே இருந்தது. டப்பா சூடாகிறது என்று அம்மா அதன் கீழே ஈரத்துணி விரித்தாள். நான் டேபிள்ஃபேனைத் திருப்பி வைத்தேன்.

பிறகு புகார் எழுதிக் கொடுத்து லைன்மேன் வந்தார். செவ்வாய்க்கிழமை. அவர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்ததுமே அம்மா பின்னறைக்கு ஓடி, அந்த போனைக் கழற்றி, வெட்டுத்துணிக் கூடைக்குள் போட்டு மேலே நாலு ஜாக்கெட்டைப் போட்டாள். லைன்மேன் கூடத்தில் உட்கார்ந்து, கருவியை மாட்டிப் பார்த்தார், ஒயரைத் தட்டிப் பார்த்தார், கம்பத்தில் ஏறி இறங்கினார். ஒரு குறையும் இல்லை. விளக்கு அசையாமல் எரிந்தது. மூன்று செவ்வாய்க்கிழமை வந்தார், மூன்று தடவையும் போன் கூடைக்குள் போனது. கடைசித் தடவை டீயைக் குடித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"லைனு நல்லாத்தாம்மா இருக்குது. படத்த நிறுத்திட்டுப் பேசிப் பாருங்க, குரல் கணீர்னு வரும்."

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. அதற்கடுத்த வாரம் அப்பா காகிதத்தைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இதைத்தான் முதலில் சொன்னேன், நாலு பேரும் இருந்தோம் என்று. அம்மா மட்டும் மெஷினுக்கும் மேசைக்குமாக நடந்தாள். சவரிக்குப் புதுச்சட்டை போட்டிருந்தாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று நாங்கள் யாரும் அவனைக் கேட்கவில்லை. அம்மா கேட்டிருந்தால் அவள் முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்லியிருப்பான்.

மணி அடித்தது. விளக்கு அணைந்தது. மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சவரிக்கு மணி கேட்காது. அத்தனை ஞாயிறும் அவனுக்கு வேலை விளக்கைப் பார்ப்பதும் எங்கள் முகத்தைப் பார்ப்பதும்தான். அவன் எழுந்தான். அம்மாவைக் காட்டினான். பிறகு மணி அடிக்கும்போது அவள் செய்வது போலவே தலையை வெடுக்கென்று பின்னறைப் பக்கம் திருப்பினான், அதே நேரத்தில் விளக்கு அணைவது போல விரித்த கையை மூடினான். இன்னொரு தடவை செய்தான். தலை திரும்புகிறது, கை மூடுகிறது. பின்னறைக்குள் போய் அந்த போனின் ஒயரைப் பிடுங்கினான்.

அம்மா அவன் கையில் ஓங்கி அடித்தாள். போன் இல்லாவிட்டால் அப்பாவின் மணி எப்படித் தெரியும் என்று கத்தினாள். மாமா சிரித்தார்.

"மணியே கேக்காதவன் போனுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டான் பாருக்கா."

சவரி ஒயரைக் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், நானும் விளக்கைப் பார்த்தேன். வந்துவிட்டது. அப்போது கூடத்து போனில் மணி அடித்தது, ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கு எரிந்தது. அடித்து முடிந்த பிறகும் எரிந்தது.

காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. போனையும் நெட்டையும் தனித்தனியாகப் பிரிக்க லைனில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி மாட்டித் தந்திருந்தார்கள். மாமா இழுத்த ஒயர் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே கிளம்பியது. பின்னறையில் மணி அடிக்கும்போதெல்லாம் அது நெட்டைத் தட்டிவிட்டது. மற்ற நாளில் எங்களுக்கு போன் வருவதே அபூர்வம். அப்பா வந்துவிட்டேன் என்று சொன்னதுதான் அப்பாவை வரவிடாமல் செய்தது. சரிபார்க்க வந்தவரிடம் நாங்கள் மூன்று தடவையும் அதையே ஒளித்து வைத்தோம்.

அன்றைக்கு மாமா, அந்தக் கம்பெனி போனே மட்டம் என்றார்.

"போனு மேல ஏன்டா போடுற. ஒயரு உன்னுது" என்றாள் அம்மா.

அப்பாவின் முகம் வந்தது. நிற்கவில்லை, அசைந்தது. காதுக்குமேல் நரைத்திருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் நேராக சவரியைக் காட்டி, கரண்டியைக் கிண்டி, கையை விரித்தார். அப்பாவிடம் வருகிறாயா.

பக்கத்தில் தட்டாஞ்சாவடியில் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறைக்கு சவரி ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருந்தான். அதைத்தான் காட்டினான். மெஷின் சுழல்வதைக் காட்டினான், எட்டு விரல் காட்டினான், எட்டு மெஷின். இரண்டு காதையும் பொத்திக் காட்டினான், அங்கே வேலை செய்கிற எல்லோரையும் போல. பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் செய்கிற சாடைகளைச் செய்தான், இரும்பைக் கொண்டுவா, சுற்றை நிறுத்து, டீக்குப் போவோம். அந்த இரைச்சலில் அங்கே யார் வாய்க்கும் வேலை இல்லை. எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். அங்கே அவன் மட்டும் காது கேட்காதவன் இல்லை. கடைசியில் தன் மார்பைத் தொட்டு, தரையைக் காட்டினான்.

வீட்டில் எங்களுக்கு அவன் இதைச் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

அம்மா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். அப்புறம் வாயருகே கையைக் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்டார். சவரி மீனைக் காட்டினான். அதற்குமேல் அவர்கள் பேசியது பட்டறை, மீன், குளிர், பக்கத்து வீட்டு நாய். அம்மா பின்னறைக்குப் போனாள், கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது. காகிதம் போடவில்லை.

இப்போது நான் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்கிறேன். வருகிறவர்கள் பையை இறக்கும் முன்பே வைஃபை எப்படி என்று கேட்கிறார்கள். நெட் மெதுவாக இருந்தால் கீழே போன் செய்து கத்துகிறார்கள். அந்த வெள்ளைப் பெட்டி விஷயத்தை எனக்குச் சொன்னது இங்கே ஒயர் பார்க்க வருகிற ஆள்தான். எங்கள் வாடகை வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். வீட்டு போன் இப்போது தெருவில் யாரிடமும் இல்லை. சவரி தட்டாஞ்சாவடியிலேயே இருக்கிறான், சொந்தமாக ஒரு லேத் போட்டிருக்கிறான். செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பெண்டாட்டியோடு பேசுகிறான், அறுவதே இல்லை.

அப்பா திரும்பி வரவில்லை. அந்த ஞாயிறுக்கு அடுத்த வருடக் குளிர்காலம் முடிவதற்குள், சமையற்கட்டில் நின்றபடியே நெஞ்சு வலித்து விழுந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். போன வாரம் சவரியிடம் கேட்டேன், விளக்கு சரியான பிறகு அப்பாவை எத்தனை ஞாயிறு பார்த்தாய் என்று. அவன் யோசிக்கவில்லை. பத்து விரலை ஆறு முறை காட்டினான், பிறகு ஒரு விரல்.

அறுபத்தொன்று.