ரெண்டெடையாரின் கடற்கரைக் கணக்கு

காய் வாங்க வந்தால், முதலில் வெறும் பையை எடை போடச் சொல்கிறார் ரெண்டெடையார். காய்கறிக் கடைக்காரி பையை வாங்கித் தராசில் வைத்து, "அறுபது கிராம். திருப்தியா?" என்கிறாள். அதற்குப் பிறகுதான் தக்காளிக்குப் பைக்குள் அனுமதி. நிறைந்ததும் இன்னொரு எடை. அதிலிருந்து அறுபதைக் கழித்து, மனசுக்குள் ஒரு முறையும் வாய்விட்டு ஒரு முறையும் சொல்லிப் பார்த்த பிறகே காசு கை மாறும். பின்னால் நிற்கிறவர்கள் அதற்குள் குடும்பக் கதை முழுவதும் பேசி முடித்திருப்பார்கள். அந்த வரிசையில் நின்றபடியே ஒரு கல்யாணம் நிச்சயமானதாகச் சொல்கிறார்கள். பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

சொந்தப் பெயரைச் சொன்னால் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. ரெண்டெடையார் என்றால் தெரு நாய்கூட வழி காட்டும். சரக்குக் கிடங்கின் வாசலில், லாரியை அப்படியே நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் முப்பத்தோரு வருஷ உத்தியோகம். திரும்பினால் தோள் இடிக்கும் கண்ணாடி அறை, சிவப்பு எண்கள் மின்னும் ஒரு பெட்டி, ஒரு மைக். சுமை ஏற்றும் முன் வெறும் வண்டியாக ஓர் எடை, ஏற்றிய பின் ஓர் எடை. இரண்டையும் கழித்து ஒரு சீட்டு. "டிரைவர் இறங்கு. கிளீனர் இறங்கு. சீட்டுக்கு அடியில இருக்கற தண்ணிக் கேனும் இறங்கணும்" என்று மைக்கில் அவர் சொன்னால், எடைக்கு நிற்காத வண்டியில் இருந்தும் நாலு பேர் இறங்கிவிடுவார்கள்.

வெறும் எடையைக் குறைத்துக் காட்ட மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி எங்காவது ஒளித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அவரிடம் ஒரே கேள்விதான்: "ஸ்டெப்னி எங்க?" ஒரு நாள் லாரியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைக் கைதட்டி விரட்டிவிட்டு மறு எடை போட்டாராம். அடுத்த நாளிலிருந்து லாரி மேடைக்கு வந்ததும் அந்தக் காக்கை தானாகவே கீழே இறங்கி ஓரமாக நின்றதாம். டிரைவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

உடையில் ஒரே பிடிவாதம். கத்தி வைத்தாற்போல் மடிப்பு எடுத்த சாம்பல் நிறக் கால்சட்டை. கிடங்கு வாசலில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நின்ற நாளிலும் அதைச் சுருட்டி மேலே விட்டுக்கொண்டது கிடையாது. நனைந்தால் நனையட்டும், நேராக நனையட்டும் என்று நடந்து போனார்.

அந்த உத்தியோகம் போன மாதம் முடிந்தது. கையில் பென்ஷன் தாள் வந்த அன்றே அவர் மனைவி அடுக்களையிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்: "அப்ப கடலுக்குப் போகலாமா?"

அந்த அம்மாள் முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். நோயாளிகள் படுத்திருந்தார்கள், டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நின்றது இவர் ஒருவர்தான். பலன், குதிகால் இரண்டும் காலையில் தரையைத் தொட மறுக்கின்றன. ஈர மணலில் நடந்தால் மட்டும் அவை வாயை மூடிக்கொள்கின்றன. கல்யாணமான புதிதில் நாலு நாள், மகளின் பள்ளி விடுமுறையில் மூன்று நாள், ஆக ஏழு நாள் நடந்து கண்டுபிடித்த உண்மை இது. இப்போது கடலோர ஊர் ஒன்றில் வீடும் பார்த்துவிட்டார். மாடிப்படி இல்லை, இரண்டு அறை, கடலுக்கு முந்நூறு அடி நடை. வீட்டுக்காரம்மா ஒரு மாதத் தவணை கொடுத்தார். மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் சரியென்று சொல்லாவிட்டால், வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்துக்குச் சாவி போய்விடும்.

ரெண்டெடையார் உடனே போன் போட்டார். "வாடகை சரிம்மா. ஸ்டெப்னி எங்க?"

"எங்கிட்ட காரே கிடையாதுங்களே" என்றார் வீட்டுக்காரம்மா.

ஒளிந்திருக்கும் செலவைக் கேட்கிறார் என்று புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குடிதண்ணீருக்குத் தனிக் காசு. உப்புக் காற்று தின்னும் ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட். வெளியூர்க் கூட்டம் குவியும் மாதங்களில் காய்க்கும் பாலுக்கும்கூட வேறு விலை.

"நாலு நாள் அங்க போய் இருந்து பாத்துட்டு வாங்களேன்ப்பா" என்றாள் வேறு ஊரில் இருக்கும் மகள்.

"விருந்தாளியா போனா எடை சரியா விழாதும்மா. லீவுல எல்லாமே லேசாத்தான் தெரியும்."

அவர் கண்ட வழி வேறு. முப்பது நாள், இருக்கிற வீட்டில் இருந்தபடியே, அந்த ஊர் விலைக்கு வாழ்ந்து பார்ப்பது. தினமும் காலையில் அந்த ஊர்க் காய்கறிக் கடைக்குப் போன் செய்து விலை கேட்பார். பிறகு இங்கே இந்த ஊர் விலைக்கு வாங்கி வந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடுவார். பாலுக்கும் அப்படியே, வாடகைக்கும் அப்படியே. பத்தாம் நாளுக்குள் அந்தக் கடைக்காரருக்கு இவர் குரல் பழகிவிட்டது. "வாங்க சார், வாங்க. இன்னைக்கும் ஒண்ணும் வாங்கப் போறதில்லல்ல? எழுதிக்கோங்க, கத்திரிக்காய்..." என்று அவரே ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் இவர் மறந்துபோக, அவரே கூப்பிட்டார்: "என்ன சார், உடம்பு சரியில்லையா?"

அந்த அம்மாள் இதையெல்லாம் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, அந்த ஊர் விலைக்குத் தக்காளி சாப்பிட்டாச்சு. காத்து எங்க?"

"எந்தக் காத்து?"

"கடல் காத்து. காசு குடுத்திருக்கோம்ல?"

நியாயம் நியாயம்தான். ரெண்டெடையார் எழுந்து போய் மேஜை விசிறியைத் தூக்கி வந்து வைத்தார். மறுநாள் அம்மாள் கடலைக் கேட்டார். நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு பிடி கல்லுப்பு போட்டு, கூடத்தில் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். அம்மாள் இரண்டு காலையும் உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "அலை?" என்றார். இவர் கீழே உட்கார்ந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஆட்டினார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த வீட்டில் அலை அடிக்கும்.

"நீங்களும் காலை வைங்க."

"கால்சட்டை நனையும்."

"சுருட்டி விடுங்க."

"மடிப்பு கலையும்."

"கலைஞ்சா? ஆகாசம் இடிஞ்சு விழுந்துருமா?"

அவர் தொட்டியை ஆட்டிவிட்டு எழுந்து போய், அந்த ஒரு பிடி உப்பையும் கணக்கில் எழுதுவார்.

முப்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை. அம்மாளின் கால்கள் தொட்டியில் இருந்தன. ரெண்டெடையார் சாப்பாட்டு மேஜையில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். பிறகு எடைமேடைச் சீட்டு மாதிரியே ஒரு தாளில் மூன்று வரி எழுதினார். இந்த ஊர்ச் செலவு ஒரு வரி, அந்த ஊர்ச் செலவு ஒரு வரி. மூன்றாவதாகச் சிவப்பு மையில்: நஷ்டம், நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

தாளைக் கொண்டுவந்து அம்மாளிடம் நீட்டினார். முகம் சரியில்லை.

"பென்ஷன் தாங்கும். தாங்காதுன்னு சொல்லல. ஆனா மாசாமாசம் இவ்வளவு சும்மா போகுது. நீயே பாரு."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வார்டில் காய்ச்சல் சீட்டைப் பார்க்கிற நிதானம்.

"ஒண்ணு கேக்கறேன். வெறும் லாரி எட்டு டன். சுமையோட இருபது. அப்படித்தானே?"

"ஆமா."

"நடுவுல பன்னெண்டு இருக்கே, அது என்ன?"

"சரக்கு. வேற என்ன?"

"முப்பத்தோரு வருஷத்துல யார் சீட்டுலயாவது அதை நஷ்டம்னு எழுதிக் குடுத்தீங்களா?"

ரெண்டெடையார் குனிந்து அந்தச் சிவப்பு வரியை இன்னொரு முறை படித்தார்.

"எழுதியிருந்தா லாரிக்காரன் உங்களைச் சும்மா விட்டிருப்பானா? அந்தப் பன்னெண்டுக்காகத்தானே வண்டியே ஓடுது?" அம்மாள் தாளைத் திருப்பி அவர் கையில் வைத்தார். "ஏங்க, ஒரு மாசமா உக்காந்து சரக்கை எடை போட்டிருக்கீங்க. வண்டியில என்ன ஏறியிருக்குன்னு ஒரு தடவை எட்டிப் பாத்தீங்களா?"

அவர் எட்டிப் பார்த்தார். தொட்டியில் இரண்டு கால்கள், வெளுத்துச் சுருங்கிய விரல்கள், குதிகாலில் பழைய வெடிப்பு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. இன்றைக்கு இன்னும் யாரும் ஆட்டவில்லை.

கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. வெளியே பால்காரர் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார். ரெண்டெடையார் தாளை மேஜையில் வைத்தார். பேனாவை எடுத்து, சிவப்பு வரியின் முதல் சொல்லை அடித்துவிட்டு வேறு எழுதினார். அம்மாள் கழுத்தை நீட்டியும் தெரியவில்லை. சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். போனில் வீட்டுக்காரம்மாவின் எண்ணை அழுத்திக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. அது எடுக்கப்படுவதற்குள் அவர் குனிந்து, கத்தி வைத்தாற்போன்ற அந்தச் சாம்பல் நிறக் கால்சட்டையை ஒரு சுருட்டு, இரண்டு சுருட்டு, மூன்று சுருட்டு என்று முழங்கால் வரை ஏற்றிவிட்டுக்கொண்டார்.