கேள்வித்தாளைத் திருத்திய லோகேஸ்வரி மேடம்

கஹவத்தை பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. "சார், லோகேஸ்வரி மேடம் காலையில போயிட்டாங்க," என்றார் எங்கள் ஆய்வுக் குழுவில் இருந்த சிவகாமி. மூன்று மாதமாகச் சிகிச்சையில் இருந்தார் என்பது தெரியும். ஆனாலும் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உளவியல் பேராசிரியர் லோகேஸ்வரியை உங்களில் பலர் அறிவீர்கள். ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவர்களின் மகள். தகப்பனைக் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். அதனால்தானோ என்னவோ, நெடுங்காலம் குடி அடிமைத்தனம் பற்றியே ஆராய்ந்தார். தோட்டங்களில் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் போன் வந்தபின் இணைய அடிமைத்தனத்தின் பக்கம் திரும்பினார். ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்க ஓர் ஆசிரியரைத் தேடினார். அப்படித்தான் நான் சேர்ந்தேன்.

"போன் பார்ப்பதைப் பிறரிடமிருந்து மறைக்கிறீர்களா?" நான் கவனமாக மொழிபெயர்த்த கேள்வி அது. முதல் நாளே, நாங்கள் போன தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டார். "ஒரு காம்பராவுல ஏழு பேரு இருக்கோம். எங்கங்க போயி மறைக்கிறது?" நாங்களும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. கேள்வியைப் பேனாவால் அடித்துவிட்டு, "நல்லாச் சொன்னீங்க. தனி ரூம் இருக்கிறவங்களுக்குத்தான் நாங்க கேள்வி எழுதியிருக்கோம்," என்றார்.

அந்தத் தோட்டத்தில் எங்கள் கேள்வித்தாளில் அதிகப் புள்ளி பெற்றவர் சரோஜா என்ற கொழுந்தெடுக்கும் பெண். எங்கள் கணக்கில் அவர் கடுமையான அடிமை. மேடம் அவரது லயத்து வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். திரையில் குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தாய் இங்கே ரொட்டி தட்டினார். இருவரும் பேசிக்கொள்ளவேயில்லை. "பேச ஒண்ணும் இல்லீங்க. சும்மா கூட இருக்கோம்," என்றார் சரோஜா.

 திரும்பும்போது பஸ்ஸில் மேடம், இணைய அடிமைத்தனம் பற்றித் தான் முன்பு எழுதிய கட்டுரையைத் திருத்தப்போவதாகச் சொன்னார். இப்படிப்பட்ட தாய்மாரையும் அதில் நோயாளிகளாக எண்ணியிருந்தாராம். கூட வந்த இளம் விரிவுரையாளர் பதறினார். "பேரு கெட்டுப்போகும் மேடம். யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல."

"நான் கண்டுபிடிச்சிட்டேனே," என்றார்.

திருத்தத்தை ஆய்விதழுக்கு அனுப்பினார். சில கூட்டங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

என் கதையையும் சொல்லியாக வேண்டும். மனைவி இறந்த வருடம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனைக் கையில் எடுப்பேன். தூக்கம் வரும்வரை குட்டி குட்டி வீடியோக்கள். பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் கிடந்தன. ஒருநாள் இரத்தினபுரியில் தேநீர்க்கடையில் வைத்து மேடத்திடம் சொன்னேன். எத்தனை மணி நேரம் என்று அவர் கேட்கவில்லை.

"போனைக் கீழ வச்சா வீட்டுல என்ன சார் இருக்கு?"

"ஒரு சத்தமும் இல்ல மேடம்."

"அப்ப போனைப் பிடுங்கிட்டா மட்டும் சரிவராது."

அந்த வாரத்திலிருந்து ஞாயிறு மாலைகளில் போனில் அழைத்தார். "சமைச்சீங்களா சார்?" என்று கேட்பார். இல்லையென்று சொல்லக் கூச்சப்பட்டே சமைக்கத் தொடங்கினேன். பிறகு சமைத்ததில் கொஞ்சம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அங்கிருந்தும் கிண்ணங்கள் வந்தன, கூடவே பேச்சும் வந்தது. வீடியோ பார்ப்பதை ஒரேயடியாக விட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தாள்களை நேரத்துக்குத் திருத்திக் கொடுக்கிறேன்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குத் தாய்மார் வந்து, "எந்நேரமும் போனுதாங்க சார்," என்று பிள்ளைகளைப் பற்றி முறையிடுகிறார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறேன். போனைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லி, முதலில் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறேன். அந்த வரிசையை எனக்குத் தந்தவர் மேடம்.