மண்முனைத் துறையைத் தாண்டிப் போன என் சுவீடிஷ்

மண்முனைப் பாலத்தில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு, படுவான்கரைக்குள் எப்படிப் போவது என்று எனக்கு எழுதிக் கேட்கிறவர்கள் பலர். நான் எழுதப்போவது அங்கிருந்து வெளியே வந்த ஒரு பயணம். சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே நாங்கள் இருந்த படுவான்கரை, இயக்கத்தின் கையில்; கிழக்கே ஆமி. பாலம் இல்லை. இரும்பு மிதவையின் மேல் பலகை அடித்த 'பாதை'தான் ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும். படகுக்குப் பாதை என்று பெயர் வைத்த ஊர் எங்களுடையது.

நான் போனது மகனோடு டெலிபோனில் கதைக்க. கணவரைச் சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனது, அவர் திரும்பவில்லை. சுவீடனில் இருந்த என் அண்ணன், என் பிள்ளையையாவது காப்பாற்றுவோம் என்று தத்தெடுத்துக் கூப்பிட்டார். நாலு வயதில் போனான். அண்ணி அந்த நாட்டுக்காரி, அண்ணனுக்கோ இரவு வேலை. வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. ஒன்பது வயதில் அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் மிச்சமில்லை என்று அண்ணன் சொல்லியனுப்பினார். கூடவே, நான் கேட்டபடி, சுவீடிஷ் படிக்க ஒரு புத்தகமும் கசெற்றும் வந்தன.

பெற்ற பிள்ளையோடு கதைக்க பாசை படிக்க வேண்டிய நிலை எதிரிக்கும் வரக்கூடாது. படிப்பதற்கும் வழி இல்லை. எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. கரண்ட் எப்போதோ போய்விட்டது. அப்போது எல்லோரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் பூட்டி, பெடலைக் கையால் சுற்றுவது. கணவரின் தங்கை, என் மச்சாள், சுற்றுவாள். நான் கசெற் போட்ட ரேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டு இருப்பேன். பகல் முழுக்க வட்டையில் வயல் வேலை செய்த கை, எவ்வளவு சுற்றும்? கசெற்றில் பேசியவரின் குரல் கனத்து, இழுபட்டு வரும்.

"இவனுகள் என்னகா, நித்திரையிலயா கதைக்கிறானுகள்?" என்று மச்சாள் ஒருநாள் கேட்டாள்.

குளிர் நாட்டுக்காரர் வாயைத் திறக்கவே பஞ்சிப்படுவார்கள் என்று நான் விளக்கம் கொடுத்தேன். அப்படியே நம்பவும் செய்தேன். அந்த இழுவையையும் பாடத்தோடு சேர்த்துப் பாடமாக்கினேன். வைத்தியரிடம் போகும் பாடத்தில் சுகமில்லை என்பதற்கு ஒரு சொல் வரும். அடுப்பை ஊதுவதுபோல ஊதித்தான் அதைத் தொடங்க வேண்டும். மூன்று மாதம் ஊதினேன், எனக்கு வரவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். ஊரிலிருந்து துறைக்கு ஐந்து கிலோமீட்டர், சைக்கிளில். பாதைக்குக் காசு ஐந்து ரூபாய். அக்கரையில் சோதனைச் சாவடி. பையைக் கொட்டிய ஆமிக்காரன் புத்தகத்தைப் புரட்டி, என்ன பாசை என்று உடைந்த தமிழில் கேட்டான். சொன்னேன். கதைத்துக் காட்டச் சொன்னான். நான் உன் அம்மா என்று சுவீடிஷில் சொன்னேன். புத்தகத்தில் அதைத்தான் நன்றாகப் பாடமாக்கியிருந்தேன். பக்கத்தில் நின்றவனும் சேர்ந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்ய? திரும்பி வரும்போது எடுக்கலாம் என்று புத்தகத்தை வைத்துக்கொண்டார்கள்.

துறையிலிருந்து காத்தான்குடிக்கு மூன்று, நாலு கிலோமீட்டர் வரும். புடவைக்கடைகளுக்கு நடுவில் ஒரு கொமினிகேஷன், காசுக்கு டெலிபோன் எடுத்துத் தரும் கடை. கடைக்காரரை எல்லோரும் நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்; பொறுமையான மனிதர். லைன் கிடைக்காமல் திரும்பத் திரும்ப நம்பரைச் சுழற்றினார். பாதை நின்றுவிட்டால் இரவுக்கு எங்கே தங்குவது என்று நான் வாசலுக்குப் போய்ப் போய்ப் பொழுதைப் பார்த்தேன். கடைசியில், "கிடைச்சிட்டு தங்கச்சி, கதைங்க" என்று ரிசீவரைத் தந்தார்.

அண்ணன் எடுத்து, ரிசீவரைப் பிள்ளையிடம் கொடுத்தார். மூச்சுச் சத்தம் கேட்டது. நான் சொன்னேன்: "யா... ஏ... தின்... மம்மா." நான் உன் அம்மா. எப்படி இருக்கிறாய் என்றும் கேட்டேன். கசெற்றில் கேட்ட அதே குரலில், அதே இழுவையில், ஒரு எழுத்தும் பிசகாமல்.

அவன் என்னோடு கதைக்கவில்லை. அண்ணனிடம் திரும்பி ஏதோ கேட்டான். தகரத்தில் மழை விழுகிற வேகம். ஆனால் அதற்குள் அந்த ஊதுகிற சொல் இருந்தது. அது எனக்குப் புரிந்தது. "இவவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டான். கசெற் இல்லாமல் என் காதால் நான் விளங்கிக்கொண்ட முதல் சுவீடிஷ் வசனம் அதுதான்.

அண்ணன் ரிசீவரை வாங்கினார். "ஏன் இப்பிடி இழுத்து இழுத்துக் கதைக்கிற? பிள்ள பயந்திட்டான். கசெற்றில அப்பிடியா கதைக்கிறான்?"

அப்போதுதான், களைத்துக் களைத்துப் பெடலைச் சுற்றிய மச்சாளின் கை என் கண்ணுக்குள் வந்தது. ரிசீவரை வைத்துவிட்டேன். இன்னொருமுறை எடுக்கட்டுமா என்று கடைக்கார நானா கேட்டார். வேண்டாம் என்றேன். காசையும் குறைத்தே வாங்கினார். சாவடியில் புத்தகத்தைக் கேட்காமலே வந்து கடைசிப் பாதையில் ஏறினேன். வழி முழுக்க அழுதேன், மறைக்கவும் இல்லை. மச்சாள் வாசலிலேயே நின்றாள். கதைச்சியா என்று கேட்டாள். ஓம், நல்லாக் கதைச்சான் என்றேன். அன்று பொழுதுபட அவள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, வா என்றாள். தலையிடி என்று படுத்துவிட்டேன்.

இனி, போகிறவர்களுக்கு. இப்போது பாலத்தால் எந்நேரமும் போகலாம், காசில்லை, சோதனையில்லை. வெயிலுக்கு முன் போனால் வாவியில் வலை இழுப்பதைப் பார்க்கலாம். தண்ணீர்ப் போத்தல் எடுத்துப் போங்கள், உள்ளே கடைகள் குறைவு. பழைய துறை எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

மகனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. ஞாயிறுகளில் எடுப்பான். நல்ல பிள்ளை. என்னோடு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இழுத்து இழுத்துத்தான் கதைப்பான், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல. வேகமாகக் கதை மகன் என்று சுவீடிஷில் சொல்ல எனக்குத் தெரியும். சொன்னால், அதற்குப் பிறகு அவன் கதைப்பது ஒன்றும் எனக்கு விளங்காது.