அம்மா பேரில் ஒரு புள்ளி

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தறிக்கு ஒருநாள் அரபு நாட்டு ஓவியர் ஒருத்தி வந்தாள். கருப்புப் பட்டு முந்தானையில் தன் அம்மாவின் பெயரைச் சரிகையால் அரபு எழுத்தில் நெய்து தரச் சொன்னாள். கண்காட்சியில் மாட்டப் போகிறாளாம்.

கூட வந்த சென்னைப் பெண் அவள் பேச்சைத் தமிழில் சொன்னாள். அவர்கள் பக்கம் ஆண்கள் நாலு பேர் முன்னால் அம்மா பெயரைச் சொல்வது வெட்கமாம். இவள் அம்மாவின் சாவுச் செய்தியில்கூட 'இன்னாருடைய தாயார்' என்றுதான் போட்டார்களாம். சொல்லும்போதே அழுதுவிட்டாள். பட்டு அவர்கள் மார்க்கத்தில் ஆணுக்கு ஆகாது, பெண்ணுக்குத்தான் என்றும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே பாதிப் பட்டு என் கையில் விளைகிறது, பட்டு வேட்டியில் கோயிலுக்குப் போகிறவர் என் வீட்டுக்காரர்.

எழுத்து வரைந்த தாளைக் கொடுத்து, ஒரு புள்ளியைக் காட்டினாள். அது விட்டுப்போனால் வேறு யாரோ ஒருத்தியின் பெயராகிவிடுமாம். எழுத்து முழுக்க நான்தான் நெய்தேன். வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

துணியைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். நெய்தவர்கள் பெயரைச் சுவரில் எழுதப் போவதாகச் சொன்னாள். அவர் முந்திக்கொண்டு தன் பெயரைச் சொன்னார். என்னைக் காட்டி, "இது நம்ம வூட்டுக்காரிமா. அது பேரு இன்னாத்துக்கு?" என்றார். நான் விடவில்லை. என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். தலையாட்டினாள்.

கண்காட்சிப் படம் போனில் வந்தது. சென்னைப் பெண்ணிடம் அதிலிருந்த பெயர்ப் பலகையைப் படிக்கச் சொன்னேன். அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் 'மற்றும் மனைவி'. ஏன் என்று கேட்கச் சொன்னேன்.

"பலகையில இடம் பத்தலையாம்கா."

அவர் அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

இன்னொரு ஊர்க் கண்காட்சிக்கு ஓவியர் அதே பெயரை மறுபடி கேட்டாள். நெய்தேன். புள்ளி வரும் இடத்தில் மட்டும் சரிகையைப் போடவில்லை. அவருக்கு அரபும் தெரியாது, என் முகமும் தெரியாது. மடித்து அனுப்பிவிட்டார்.

கண்காட்சி தொடங்கிய அன்று சென்னைப் பெண் போன் செய்தாள். ஓவியரின் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்களாம். அவளுடைய சித்தியே முந்தானையை வாய்விட்டுப் படித்து, இது யார் என்று கேட்டாளாம்.

"மேடம் அழுதுக்கினே இருக்காங்கக்கா. அந்தப் புள்ளி எங்கன்னு கேக்கறாங்க."

"முந்தானையில இடம் பத்தலமா," என்றேன்.