சுவாமி பேரைச் சொல்லாத சிப்பாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன சமயம். மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு மைதானத்தில்தான் இந்தக் கூத்து நடந்தது.

எங்கள் தெரு டாக்டரம்மா, "ஆம்பளைங்கதான் சண்டை போடணும்னு யார் சொன்னது?" என்று கேட்டு ஒரு பெண்கள் படையை ஆரம்பித்தார். படை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், மொத்தம் இருபத்திரண்டு பேர். ஆளுக்கொரு மூங்கில் கம்பு. அதுதான் துப்பாக்கி. பயிற்சி கொடுக்க, ஜெர்மன் சண்டையில், அதுதான் முதல் உலக யுத்தத்தில், மெசபடோமியா வரை போய்வந்த ஒரு ஹவில்தார். சாயந்திரம் ஐந்து மணிக்குப் போனால் ஆறரைக்குத் திரும்பிவிடலாம். மாமியார் முணுமுணுத்தார். வீட்டுக்காரர்தான், "போகட்டும் விடும்மா" என்று அனுப்பி வைத்தார். அடுப்பங்கரையிலேயே கிடந்த எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் சொர்க்கம்தான் போங்கள்! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படி ஓடுவேன். எல்லோரையும்விட வேகமாக ஓடியதால் என்னை வேவுக்காரி ஆக்கிவிட்டார் ஹவில்தார். பதினாறு வயசு நாத்தனாரும் என்னோடு வருவாள். அவளுக்குக் காவல் சிப்பாய் வேலை.

மைதானம் ஒரு ரிட்டயரான ஜட்ஜுக்குச் சொந்தம். பெண்கள் போர்க்களத்துக்கு லாயக்கில்லை என்பது அவருடைய தீர்ப்பு. "ஒருநாள் செய்து காட்டுங்கள். திருப்தியில்லை என்றால் கேட்டைப் பூட்டிவிடுவேன்" என்று சொல்லிவிட்டார். கேட்டைப் பூட்டினால் எனக்குத் திரும்ப அடுப்பங்கரைதான்.

அந்த நாளும் வந்தது. கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு, தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தார். ஏற்பாடு இதுதான். எங்கள் படை புல்லில் குப்புறப் படுத்துப் பதுங்கியிருக்கும். நான் தோப்புக்குள் போய், அங்கே 'எதிரிகளாக' ஒளிந்திருக்கும் தெருப் பையன்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு ஓடிவர வேண்டும். வழியில் நாத்தனார் மறிப்பாள். அடையாளச் சொல்லைச் சொன்னால்தான் உள்ளே விடுவாள். ஐந்து நிமிஷத்துக்குள் சேதி போய்ச் சேராவிட்டால் படை அழிந்ததாகக் கணக்கு.

முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளக் கூடாது என்று, அடையாளச் சொல்லை ஜட்ஜே ஒரு சீட்டில் எழுதி ஹவில்தாரிடம் கொடுத்தார். ஹவில்தார் என் நாத்தனாரிடம் போய்ச் சொன்னார், அப்புறம் வந்து என் காதில் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. மயிலாப்பூர்க்காரர் வேறு எதை எழுதுவார்? எங்கள் ஊர்க் கோயில் சுவாமியின் பேரைச் சுருக்கி எழுதியிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கும் அதே பேர்!

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து கோயிலில்கூட நான் சுவாமி பேரைச் சொன்னதில்லை, 'கற்பகாம்பாள் வீட்டுக்காரர்' என்றுதான் கும்பிடுவேன். போதாக்குறைக்கு, முந்தின வருஷம்தான் அவர் டைபாய்டில் கிடந்து பிழைத்திருந்தார். வேறு பேர் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஓடினேன். எதிரிகள் ஒன்பது பேர். எண்ணிக்கொண்டு பறந்து வந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நில்! யாரது? அடையாளச் சொல்!" என்று கம்பைக் குறுக்கே நீட்டினாள் நாத்தனார்.

"நம்ம ஊர் சாமி பேருடி" என்றேன்.

"பேரைச் சொல்லு!"

"கற்பகாம்பாள் வீட்டுக்காரர்."

"அது அடையாளச் சொல் இல்ல."

"அடிப்பாவி, உன் அண்ணன் பேருதானே!"

"தெரியும் அண்ணி. நீங்க வாயால சொல்லணும். ஆர்டர்" என்றாள். அந்தக் குட்டிப் பிசாசுக்கு உதட்டோரத்தில் சிரிப்பு வேறு.

இதற்குள் புல்லில் படுத்திருந்தவர்களைச் செவ்வெறும்பு பிடித்துக்கொண்டது. பதுங்கிய படை நெளிய ஆரம்பித்தது. "சொல்லித் தொலையேன்டி, புடுங்குது!" என்று படைக்குள்ளிருந்து ஒரு குரல். ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, இவர்கள் யுத்தத்துக்குப் போகிறார்களாம்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஹவில்தாருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாமா நின்னுகினு கீறே? அங்க இருவது உசுரு போய்க்கினு கீது! சொல்லும்மா!" என்று கத்தினார்.

எனக்கு அழுகை முட்டியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், டைபாய்டில் கொட்டின முடி அப்போதுதான் வளர்ந்திருந்தது. இந்தப் பக்கம் எறும்பு தின்கிற படை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயே, இவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கபாலீ!"

தோப்புக் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தன. கண்ணைத் திறந்தால், என் வீட்டுக்காரர் கயிற்றைத் தாண்டி, "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று செருப்பில்லாமல் ஓடிவருகிறார்! மூன்று வருஷத்தில் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாதவள் கத்தினால், பாம்பு கடித்துவிட்டது என்றுதானே நினைப்பார்? நாத்தனார் சட்டென்று திரும்பி, சொந்த அண்ணன் நெஞ்சுக்கு நேரே கம்பை நீட்டினாள். பாவம், அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். நான் அவரைத் தாண்டி ஓடிப் போய், "ஒன்பது பேர்!" என்று சேதியைச் சொல்லி விழுந்தேன்.

அரை நிமிஷம் தாமதம் என்று கடிகாரத்தை மூடினார் ஜட்ஜ். ஹவில்தார் அவர் முன்னால் விறைப்பாகப் போய் நின்றார். "அய்யா, மொத தடவ சுடச் சொன்னப்போ நான் அரை நாள் சுடாம குந்திகினு இருந்தேன். இந்தம்மா மூணு நாலு நிமிசத்துல தேறிடுச்சு. அதோட, படை ஒரு ஆளைப் புடிச்சிருக்குது பாருங்க" என்று, இன்னும் கை தூக்கியபடி நின்ற என் வீட்டுக்காரரைக் காட்டினார். ஜட்ஜ் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. கேட்டைப் பூட்டவில்லை, அடுத்த தடவை காய்கறிப் பேராக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். கோபமோ என்று பயந்தேன். தெருமுனையில் நாத்தனார் முன்னால் போனதும், "இன்னொரு தரம் கூப்பிடேன்" என்றார் மெதுவாக. "ஐயோ, மாட்டேன்" என்று ஓடிவிட்டேன்.

அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்துவிட்டுத்தான் போனார். எந்த ஆயுசும் குறையவில்லை. பெண்கள் சண்டைக்குப் போவார்களா என்று பேரன் பேத்திகள் வாதாடும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. தோப்புக்குள் இருந்த ஒன்பது எதிரிகளைப் பார்த்து நான் பயப்படவில்லை, தொண்டைக்குள் இருந்த ஒரு பேரைப் பார்த்துத்தான் நடுங்கினேன். அன்று படைக்காகச் சொன்ன அந்தப் பேரை, ஆசையாகக் கேட்ட மனுஷனுக்காக ஒருமுறை சொல்லாமல் போனேனே என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.